சிரங்கு: ஒரு சரித்திர வாத்தியாரின் பழைய பாக்கி



பொங்கலுக்கு ஏன் யார் வீட்டுக்கும் வரவில்லை என்று பலர் போனில் கேட்டீர்கள். "உடம்புக்குச் சுகமில்லை" என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். பொய் இல்லை, ஆனால் முழு உண்மையும் இல்லை. எனக்குச் சிரங்கு. எனக்கு மட்டுமல்ல, வீட்டில் ஆறு பேருக்கும்.

சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். காலையும் மாலையும் குளிக்காமல் சோற்றில் கை வைக்காதவன் நான் என்பது உங்களுக்குத் தெரியும். வகுப்பில் நகம் பார்ப்பேன், காலர் பார்ப்பேன், காதுக்குப் பின்னால் அழுக்கு பார்ப்பேன். அந்த வாத்தியாருக்கு 70 வயது தாண்டிய பிறகு சிரங்கு வந்திருக்கிறது. அதை எழுதக் காரணம் இருக்கிறது. கடைசிவரை படியுங்கள். கொஞ்சம் நீளம்தான், என் வகுப்பும் அப்படித்தானே இருக்கும்.

தீபாவளி விடுமுறைக்கு விடுதியிலிருந்து பேத்தி வந்தாள். விரல் இடுக்கில் சொறிந்துகொண்டே இருந்தாள். விடுதித் தண்ணீர் சேரவில்லை என்றாள், நாங்களும் நம்பினோம். பாட்டியோடு ஒரே கட்டிலில் நான்கு ராத்திரி படுத்தாள், திரும்பிப் போய்விட்டாள். மார்கழி பிறந்தபோது அவள் பாட்டிக்கு அரிப்பு தொடங்கியது. பிறகு எனக்கு, மகனுக்கு, மருமகளுக்கு, சின்னவனுக்கு. பகலில் சும்மா இருக்கும். விளக்கை அணைத்தால் போதும், உடம்பெல்லாம் நெருப்பு.

மருந்துக்கடையில் சொல்லி ஒரு களிம்பு வாங்கிப் போட்டேன். நான்கு நாள் அடங்கியது. ஐந்தாம் நாள் இடுப்பிலும் அக்குளிலும் படர்ந்தது. அதற்குப் பிறகுதான் நாகர்கோவிலில் ஒரு தோல் மருத்துவரைப் பார்க்கப் போனோம். சின்னப் பெண். என் விரல் இடுக்கில் கண்ணாடி வைத்துப் பார்த்தார். பென்சிலால் இழுத்தது போல ஒரு சின்னக் கோடு. "சார், இது சிரங்கு. வீட்டில் எத்தனை பேர்?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியைக் கேட்டதும் எனக்கு 1978 ஞாபகம் வந்துவிட்டது.

அப்போது நான் வேலைக்குச் சேர்ந்து நான்கு வருஷம். ஐப்பசி மழை. ஆறாம் வகுப்பில் ஒரு பையன். பெயர் வேண்டாம். கையெல்லாம் சிரங்கு, சில புண்ணில் சீழ். மற்ற பிள்ளைகள் பக்கத்தில் உட்கார மாட்டோம் என்றார்கள். நான் அவனை வாசல் பக்கம் தனியாக ஓலைத்தடுக்குப் போட்டு உட்கார வைத்தேன். "நல்லா தேய்ச்சுக் குளிச்சுட்டு வா" என்று தினமும் சொல்வேன். ஒரு நாள் தலையில் தண்ணீர் சொட்ட வந்து நின்று, "ரெண்டு நேரமும் குளத்துலதான் குளிச்சிட்டு வாறேன் சாரே" என்றான். பொய் சொல்கிறான் என்று நினைத்தேன். எல்லார் முன்னாலும் அதைச் சொல்லவும் செய்தேன். மூன்று வாரம் வந்தான். பிறகு வரவில்லை. செங்கல் சூளைக்கு வேலைக்குப் போவதாக யாரோ சொன்னார்கள். அன்று எனக்கு மனசில் ஒரு நிம்மதிதான் இருந்தது. வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

அந்த மருத்துவர் கேட்ட கேள்வியை நான் அவனிடம் கேட்கவில்லை. வீட்டில் எத்தனை பேர், எத்தனை பாய்? கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். ஒரே அறையில் ஏழு பேர் என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

வீட்டில் அடைந்து கிடந்த நாட்களில் சிரங்கின் சரித்திரத்தைப் படித்தேன். சரித்திர வாத்தியார் வேறு என்ன செய்வான்? படிக்கப் படிக்க, என் தவறு எனக்கு மட்டும் உரியதல்ல, பெரிய பெரிய மருத்துவர்களே இருநூறு வருஷம் அதே தவறைச் செய்தார்கள் என்று தெரிந்தது. அதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. பாடமாகச் சொல்கிறேன்.

சிரங்கு ஒரு பூச்சியால் வருவது. கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவு, அரை மில்லிமீட்டருக்கும் குறைவு, எட்டுக் கால். பெண் பூச்சி நம் தோலின் மேலடுக்கில் வளை தோண்டி, போகிற வழியில் நாளுக்கு இரண்டு மூன்று முட்டை வைத்துக்கொண்டே போகும். மூன்று நான்கு நாளில் முட்டை பொரியும். இரண்டு வாரத்துக்குள் குஞ்சு வளர்ந்து அடுத்த தலைமுறை தயார். அரிப்பு பூச்சி கடிப்பதால் வருவதில்லை. பூச்சியும் அதன் முட்டையும் கழிவும் நம் உடம்புக்கு ஒவ்வாமல் போவதால் வருவது.

இதை முதலில் உருப்பெருக்கியில் பார்த்து எழுதி வைத்தவர்கள் இத்தாலியில் லிவோர்னோ என்ற துறைமுக ஊரைச் சேர்ந்த இருவர்: மருத்துவர் ஜொவான் கோசிமோ பொனோமோ, மருந்துக்கடைக்காரர் டியாச்சிந்தோ செஸ்தோனி. வருஷம் 1687. அவர்களுக்கு எப்படித் தோன்றியது தெரியுமா? ஏழைப் பெண்கள் தங்கள் பிள்ளைகளின் தோலிலிருந்து ஊசிமுனையால் எதையோ எடுத்து நகத்தில் வைத்து நசுக்குவதைப் பார்த்தார்கள். அது என்ன என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியிலிருந்துதான் கண்டுபிடிப்பு. ஒரு நோய்க்கு இன்ன உயிரிதான் காரணம் என்று சுட்டிக் காட்டிய முதல் நிகழ்வுகளில் அது ஒன்று. பாஸ்டர், காக் எல்லாம் அதற்கு இருநூறு வருஷம் பின்னால்.

ஆனால் மருத்துவ உலகம் ஏற்கவில்லை. இரத்தம் கெட்டுப்போவதால் வரும் நோய் என்றே சொல்லிக்கொண்டிருந்தது. நம் ஊரிலும் "ரத்தம் சுத்தமில்லை" என்றுதானே சொல்வோம்? 1812இல் பாரிஸில் கலேஸ் என்பவர் பூச்சியைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று படம் வரைந்து பட்டமும் வாங்கினார். அவர் வரைந்தது பாலாடைக்கட்டியில் வாழும் வேறு பூச்சி என்று பின்னால் அம்பலமானது. அதன் பிறகு சிரங்குப் பூச்சி என்பதே கட்டுக்கதை என்று பலர் முடிவு கட்டிவிட்டார்கள்.

1834 ஆகஸ்டில், கோர்சிகா தீவிலிருந்து படிக்க வந்த ரெனூச்சி என்ற மாணவர், பாரிஸின் செயின்ட் லூயி மருத்துவமனையில் எல்லார் முன்னாலும் ஊசியால் பூச்சியை எடுத்துக் காட்டினார். யாரிடம் கற்றார்? தன் ஊர்ப் பெண்களிடம். பெரியவர்கள் எல்லாம் சீழ்க் கொப்புளத்துக்குள் தேடினார்கள். அந்தப் பெண்களுக்குத் தெரியும், பூச்சி கொப்புளத்தில் இல்லை, வளையின் முனையில் இருக்கிறது என்று. ஊசி பிடித்த கைக்குத் தெரிந்தது பட்டம் வாங்கிய தலைக்குத் தெரிய 147 வருஷம் ஆனது.

நம் மாவட்டத்தோடு ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நெய்யூரில் லண்டன் மிஷன் மருத்துவப் பணியை ஆர்ச்சிபால்ட் ராம்சே தொடங்கியது 1838இல். ரெனூச்சி ஊசி பிடித்து நான்கே வருஷம். இங்கிலீஷ் வைத்தியம் நம் ஊருக்குள் நுழைந்தபோது, சிரங்கு எதனால் வருகிறது என்பதே அந்த வைத்தியத்துக்குப் புத்தம் புதிய செய்தி.

இதற்கிடையில் நம் வைத்தியர்கள் கந்தகத்தையும் புங்கெண்ணெயையும் கையில் வைத்திருந்தார்கள். கந்தகம் வெறும் நம்பிக்கை இல்லை. அது பூச்சியைக் கொல்லும். நாற்றம் அடிக்கும், துணியில் கறை பிடிக்கும், பல நாள் போட வேண்டும். ஆனாலும் கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் பாதுகாப்பானது என்று இன்றும் மருத்துவர்கள் கந்தகக் களிம்பு எழுதிக் கொடுப்பதுண்டு. வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசி 814 பேரிடம் பார்த்த ஒரு ஆய்வு 1992இல் வெளியானது. 97 சதவீதம் பேருக்கு 3 முதல் 15 நாளுக்குள் குணம் என்று எழுதியிருக்கிறார்கள். அவர்களே அதை முன்னோட்ட ஆய்வு என்றுதான் சொன்னார்கள். பாட்டி வைத்தியத்தைக் கேலி செய்கிறவர்களும் சரி, அதை மட்டுமே நம்புகிறவர்களும் சரி, இந்த இரண்டையும் சேர்த்துப் படியுங்கள்.

இனி என்னைத் தூங்கவிடாத மனிதருக்கு வருகிறேன். கென்னத் மெலன்பி. இங்கிலாந்துக்காரர், பூச்சியியல் படித்தவர். இரண்டாம் உலகப் போரில் பட்டாளத்திலும் பொதுமக்களிடமும் சிரங்கு பெருகியது. சிப்பாய்களின் கம்பளிகளையும் உடுப்புகளையும் வண்டி வண்டியாகக் கொண்டுபோய் நீராவியில் வேகவைத்தார்கள். அழுக்குத் துணியில்தான் நோய் இருக்கிறது என்பது எல்லாருடைய நம்பிக்கை. மெலன்பி ஷெஃபீல்டில் ஒரு வீட்டை எடுத்து, போரில் ஆயுதம் தொட மாட்டோம் என்று மனசாட்சிப்படி மறுத்த இளைஞர்களைத் தொண்டர்களாகச் சேர்த்தார். சிரங்கு பிடித்த சிப்பாய்கள் அன்றுவரை போட்டிருந்த உள்ளாடைகளைத் துவைக்காமல் இவர்கள் போட்டுக்கொண்டார்கள். அவர்கள் போர்த்திய கம்பளிக்குள் வெற்றுடம்போடு படுத்தார்கள். இப்படி 63 தடவை சோதித்ததில் நோய் தொற்றியது இரண்டே தடவை. நோயாளியோடு ஒரே படுக்கையில் படுத்தபோது தொற்றியது.

அவர் கண்டுபிடித்த இன்னொன்று: உடம்பெல்லாம் சொறிந்து புண்ணான ஒருவர் மேல் சராசரியாக இருக்கும் பெண் பூச்சிகள் எத்தனை? பதினொன்று. ஆயிரம் இல்லை, நூறுகூட இல்லை. (உடம்பின் எதிர்ப்புச் சக்தி மிகவும் குன்றியவர்களுக்கு வரும் செதிள் சிரங்கு வேறு. அதில் ஆயிரக்கணக்கில் இருக்கும், துணியாலும் பரவும்.) மூன்றாவது: முதல் தடவை தொற்றுகிறவருக்கு ஒரு மாதம் வரை அரிப்பே தெரியாது. அந்த ஒரு மாதமும் அவர் மற்றவர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருப்பார். தீபாவளிக்கு வந்த பேத்தி, மார்கழியில் தொடங்கிய அரிப்பு. கணக்கு சரியாக வருகிறதா?

பூச்சி தோலுக்குள் வளைக்குள் இருக்கிறது. குளத்தில் எத்தனை முங்கு போட்டாலும் அதற்கு நனையாது. அந்தப் பையன் இரண்டு நேரமும் குளித்தது உண்மை. குளித்தால் போகாது என்பதும் உண்மை. 1978இல் நான் அவனைப் பொய்யன் என்றபோது மெலன்பியின் ஆய்வு வெளிவந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

அந்தக் காலத்துத் தருமாஸ்பத்திரி லோஷன் சிலருக்கு ஞாபகம் இருக்கும். பென்சைல் பென்சோயேட். நல்ல மருந்துதான், ஆனால் சொறிந்த புண்ணில் பட்டால் பிள்ளைகள் ஓடிவிடும். பிறகு வந்தது காமா பென்சீன் ஹெக்சாகுளோரைடு, லிண்டேன் என்பார்கள். இது யார் தெரியுமா? நாஞ்சில் நாட்டு வயலில் கதிர்நாவாய்ப் பூச்சிக்கு நம் அப்பாமார்கள் வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு தூவினார்களே, பி.எச்.சி. பொடி, அதன் குடும்பத்துக்காரன். அதே வேதிப்பொருளின் ஒரு வடிவம். பூச்சியைக் கொன்றது. கூடவே நரம்பையும் தொட்டது. குழந்தைகளுக்கு வலிப்பு வந்ததாகச் செய்திகள் வந்த பிறகு மருத்துவர்கள் கைவிடத் தொடங்கினார்கள். பி.எச்.சி.யை இந்தியா 1997இல் தடை செய்தது.

அடுத்து 1980களில் பெர்மெத்ரின் 5 சதவீதக் களிம்பு. சாமந்திக் குடும்பத்துப் பூ ஒன்றில் இருக்கும் பூச்சிக்கொல்லியைப் பார்த்து மனிதன் செய்தது. எரிச்சல் குறைவு, பலன் அதிகம். இன்றைக்கும் பல இடங்களில் முதல் மருந்து இதுதான்.

பிறகு மாத்திரை. ஐவர்மெக்டின் என்றதும் "கொரோனாவுக்குக் கொடுத்ததா?" என்று என் மனைவி கேட்டாள். அதேதான். கொரோனாவுக்கு அது பிறந்ததில்லை. ஜப்பானில் சதோஷி ஓமுரா, கவானா என்ற ஊரில் கோல்ஃப் மைதானத்துக்குப் பக்கத்திலிருந்து எடுத்த மண்ணில் கிடைத்த ஒரு நுண்ணுயிரி, அமெரிக்காவில் வில்லியம் கேம்பலின் ஆய்வு, இரண்டும் சேர்ந்து பிறந்த மருந்து. முதலில் மாட்டுக்கும் ஆட்டுக்கும். 1987 முதல் ஆப்பிரிக்காவின் ஆற்றுக் குருட்டு நோய்க்கு இலவசமாகக் கொடுத்தார்கள். இருவருக்கும் 2015இல் நோபல் பரிசு. சிரங்குக்கும் கேட்கிறது என்று 1990களில் தெரிந்தது.

களிம்பா மாத்திரையா என்று ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளில் ஒன்று நம் பக்கத்து வீடான கேரளத்தில் நடந்தது. உஷா, கோபாலகிருஷ்ணன் நாயர் என்ற இரு மருத்துவர்கள் 85 நோயாளிகளிடம் செய்து 2000இல் வெளியிட்டார்கள். ஒரு தடவை மாத்திரை சாப்பிட்டதில் குணமானவர்கள் 70 சதவீதம். இரண்டு வாரம் கழித்து இரண்டாவது தடவையும் கொடுத்ததும் 95 சதவீதம். பெர்மெத்ரின் ஒரே ராத்திரியில் 97.8 சதவீதம். மாத்திரை பூச்சியைக் கொல்கிறது, முட்டையை விட்டுவிடுகிறது, அதனால்தான் பொரிந்து வருவதைப் பிடிக்க இரண்டாம் தடவை. ஆனால் அந்த ஆய்வில் எனக்குப் பிடித்தது சதவீதம் இல்லை. நோயாளிக்கு மட்டும் மருந்து கொடுக்காமல், அவர் வீட்டாருக்கும் சேர்த்துக் கொடுத்தார்கள்.

அதையே ஊரளவுக்குப் பெரிதாக்கியது பிஜி. நம் தமிழர்களும் கரும்புக்காட்டுக்குக் கப்பலேறிப் போன அதே பிஜி. 2012இல் அங்குள்ள சில தீவுகளில் மூன்று விதமாகச் செய்து பார்த்தார்கள். ஒரு இடத்தில் நோய் உள்ளவருக்கும் அவரோடு பழகுகிறவர்களுக்கும் மட்டும் களிம்பு: ஒரு வருஷத்தில் சிரங்கு 37 சதவீதத்திலிருந்து 19க்கு வந்தது. இன்னொரு இடத்தில் எல்லாருக்கும் களிம்பு: 42லிருந்து 16. மூன்றாவது இடத்தில், அரிப்பு இருக்கிறதோ இல்லையோ, எல்லாருக்கும் ஐவர்மெக்டின் மாத்திரை (சாப்பிடக் கூடாதவர்களுக்குக் களிம்பு): 32லிருந்து 2. அதன் பிறகு 2017இல் உலக சுகாதார நிறுவனம் சிரங்கைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. 2019இல் ஐவர்மெக்டின் சிரங்குக்கும் அத்தியாவசிய மருந்தானது. உலகத்தில் எந்த நேரத்திலும் ஏறத்தாழ 20 கோடிப் பேருக்குச் சிரங்கு இருக்கிறது என்கிறார்கள்.

"இருந்தால் என்ன, சொறிந்துவிட்டுப் போகட்டும்" என்று நினைக்க வேண்டாம். சொறிந்த புண்ணில் கிருமி நுழைந்தால் சீழ் வைக்கும். அந்தக் கிருமிகளில் ஒரு வகை சிறுநீரகத்தைத் தாக்கும். முகம் உப்பும், சிறுநீர் கட்டன்சாயா நிறத்தில் போகும். குழந்தைகளுக்குத்தான் இது அதிகம். இதைப் படித்ததிலிருந்து, அந்தப் பையனின் முகம் கடைசி நாட்களில் உப்பியிருந்ததாக எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறது. உண்மையான ஞாபகமா, படித்த பிறகு மனசு சேர்த்துக்கொண்டதா, என்னால் பிரிக்க முடியவில்லை.

எங்கள் வீட்டில் என்ன செய்தோம் என்று சொல்கிறேன். மருத்துவர் சொன்ன ஒரே ராத்திரியில் ஆறு பேரும், விடுதியில் பேத்தியும், கழுத்திலிருந்து பாதம் வரை களிம்பு பூசினோம். விரல் இடுக்கு, நகத்தடி, தொப்புள், மறைவிடம் எதுவும் விடாமல். காலையில் குளித்தோம். உடுத்தது, விரித்தது எல்லாம் வெந்நீரில் முக்கி வெயிலில் போட்டோம். ஒரு வாரம் கழித்து மறுபடி. பூச்சி செத்த பிறகும் அரிப்பு இரண்டு மூன்று வாரம் இருக்கும் என்று முன்பே சொல்லிவிட்டார், அதனால் பயப்படவில்லை. நான் கடையில் வாங்கிய களிம்பில் ஸ்டீராய்டு இருந்தது. அது அரிப்பை மறைத்து, பூச்சியை வளரவிட்டிருக்கிறது. அந்தத் தவறை நீங்கள் செய்யாதீர்கள். மாத்திரை கர்ப்பிணிகளுக்கும் 15 கிலோவுக்குக் குறைந்த குழந்தைகளுக்கும் கொடுப்பதில்லை. எதுவானாலும் மருத்துவரைக் கேட்டே செய்யுங்கள், என்னிடம் கேட்க வேண்டாம்.

உங்களில் நிறையப் பேர் இன்று ஆசிரியர்கள். அங்கன்வாடியில் இருக்கிறீர்கள், விடுதிக் காப்பாளராக இருக்கிறீர்கள். உங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை சொறிந்தால், தனியாக உட்கார வைக்காதீர்கள். குளிக்கச் சொல்லி அனுப்பாதீர்கள். வீட்டில் எத்தனை பேர் என்று கேளுங்கள். எல்லாருக்கும் மருந்து கிடைக்க ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு போன் பண்ணுங்கள். ஒரு பிள்ளைக்கு மட்டும் மருந்து பூசினால், ராத்திரி அதே பாயில் படுத்ததும் மறுபடி வரும். பிறகு அந்தப் பிள்ளை அழுக்கு என்று பெயர் வாங்கும்.

அந்தப் பையனுக்கு இப்போது 58, 59 வயது இருக்கும். ஊரில் இரண்டு பேரிடம் விசாரித்தேன். சூளைக்குப் பிறகு எங்கே போனான் என்று யாருக்கும் தெரியவில்லை. இதைப் படிக்கிற யாருக்காவது அந்த 1978 ஆறாம் வகுப்பு ஞாபகம் இருந்தால், வாசல் பக்கத் தடுக்கு ஞாபகம் இருந்தால், பெயரை இங்கே எழுதாமல் எனக்குப் போன் செய்யுங்கள். அவன் சொன்னது உண்மை என்று அவனிடமே சொல்ல வேண்டும்.

அரிப்பு நின்று பத்து நாள் ஆகிறது. அடுத்த வாரம் முதல் வீடுகளுக்கு வருவேன். கட்டன்சாயா போட்டு வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் சரித்திர வாத்தியார்